ஒரு கேசட்டுக்குப் பன்னிரண்டு பாட்டு

ராத்திரி பத்தரை மணி. ஓ.எம்.ஆரில் ஆபீஸ் முடிந்து கேப்பில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள் அவள். டிரைவருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. '90ஸ் ஹிட்ஸ்' என்று எதையோ போட்டுவிட்டிருந்தார். 'காதலர் தினம்' படத்துப் பாட்டு ஒன்று ஓடி முடிந்தது. முடிந்த அந்த நொடியில், அடுத்து வரவேண்டிய பாட்டின் தொடக்க இசையை அவள் உதடு தானாக முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டது. 'துள்ளாத மனமும் துள்ளும்' படத்துப் பாட்டு அது.

ஆனால், வந்தது 'குஷி' பாட்டு.

இன்னொரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைக்கும்போது தரை தட்டினால் ஒரு திடுக்கிடல் வருமே, அப்படி இருந்தது அவளுக்கு. 'காதலர் தினம்' ரஹ்மான் இசை. 'துள்ளாத மனமும் துள்ளும்' எஸ்.ஏ.ராஜ்குமார் இசை. இரண்டும் 1999-ல் வந்த படங்கள் என்பதைத் தவிர வேறு எந்தத் தொடர்பும் கிடையாது. ஒன்றின் பின்னால் இன்னொன்று வந்தே தீரும் என்று அவள் மனசுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

அவளுக்கு விடை தெரியும். அந்த வரிசையைப் போட்டது அவளுடைய அப்பா.

கொடைக்கானல் மலையடிவாரத்தில் ஓர் ஊர். பெயர் வேண்டாம். அந்த ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, டீக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே எட்டுக்குப் பத்தில் ஒரு கடை. 1988-ல் அப்பா ஆரம்பித்த கேசட் ரெக்கார்டிங் சென்டர். 2கே கிட்ஸுக்கு இந்த வார்த்தையே புதிதாக இருக்கலாம். இன்று பிளேலிஸ்ட் என்று சொல்கிறோமே, அதை அன்று காசு கொடுத்து, ஒரு வாரம் காத்திருந்து, கையில் வாங்கிக்கொண்டு போவார்கள். பிடித்த பாட்டுகளை ஒரு பேப்பரில் எழுதிக் கொடுக்க வேண்டும். வெறும் கேசட்டையும் கொண்டுவந்து கொடுத்தால் 15 ரூபாய். கேசட்டும் கடையிலேயே என்றால் 35. அறுபது நிமிட கேசட்டில் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். பாட்டுக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தால் ஏ சைடில் ஆறு, பி சைடில் ஆறு. மொத்தம் பன்னிரண்டு.

பன்னிரண்டுதான் என்பதால் யோசித்து யோசித்து எழுதுவார்கள். எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதுவார்கள். மறுநாள் காலையில் கடை திறக்கும் முன்பே வந்து நின்று, "அண்ணே, அந்த நாலாவது பாட்ட மாத்திருங்கண்ணே" என்பவர்களும் உண்டு.

ஸ்கூல் விட்டதும் அவள் நேராகக் கடைக்குத்தான் போவாள். இரண்டு கேசட் போடும் டெக், பாட்டின் சத்தத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் பச்சை, சிவப்பு விளக்குகள், நாடா சிக்கிக்கொண்டால் சுற்றி எடுக்க ஒரு பென்சில். பதிவு முடிந்ததும் கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட வேண்டும். அப்போதுதான் தெரியாமல் யாரும் அதன் மேல் வேறு எதையும் பதிவு செய்துவிட முடியாது. அந்த வேலை அவளுடையது. உடைத்த துண்டுகளை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்த்து வைத்திருந்தாள்.

கடைக்கு வந்தவர்களை இன்றும் அவளுக்கு நினைவிருக்கிறது. மலைக்குப் போகும் தனியார் பஸ் டிரைவர் ஒருவர் வருவார். "ஏத்தத்துல இளையராஜா வேணும்ணே. எறக்கத்துல தேவா. எறங்கும்போது மெலடி போட்டா எனக்கே தூக்கம் வருது" என்பார். அவர் சொன்னதில் எவ்வளவு விளையாட்டு, எவ்வளவு நிஜம் என்று தெரியாது. ஆனால், அப்பா அப்படியே பதிவு செய்து கொடுப்பார். தையல் வகுப்புக்குப் போகும் அக்கா ஒருத்தி, ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டை ஆறு தடவை கேட்டாள். அப்பா ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. ஒன்றரை வருடம் கழித்து அதே அக்கா அதே கேசட்டைக் கொண்டுவந்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டு அம்மன் பாட்டு பதிந்து தரச் சொன்னாள். அப்பா அப்போதும் கேட்கவில்லை. உடைந்த ஓட்டையின் மேல் செலோடேப்பை ஒட்டி, மேலேயே பதிவு செய்தார்.

துபாய்க்குப் போன கணவனுக்குக் கேசட் அனுப்பும் பெண்கள் இன்னொரு வகை. பதினோரு பாட்டு போதும் என்பார்கள். கடைசிப் பாட்டின் இடத்தில் ஐந்து நிமிடம் பேச வேண்டும். அப்பா ஸ்டூலைப் போட்டு, மைக்கைக் கையில் கொடுத்துவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கி வெளியே போய் நின்றுகொள்வார். உள்ளே இருந்து, "இந்தா, அப்பாட்ட பேசு" என்று குழந்தையை அதட்டும் சத்தம் மட்டும் வரும்.

2000-ம் வருடம் ஜூன் மாதம் அவளுக்குப் பத்து வயது முடிந்தது. அப்பா அவளுக்கென்று ஒரு கேசட் பதிந்து, உறையில் 'பாப்பா - 1' என்று எழுதிக் கொடுத்தார். ஏ சைடு முழுக்கப் புதுப் பாட்டுகள். 'காதலர் தினம்', அடுத்து 'துள்ளாத மனமும் துள்ளும்', பிறகு 'படையப்பா', 'முதல்வன்', 'சேது', 'வாலி'. பி சைடில் அம்மாவுக்காக ஐந்து இளையராஜா பாட்டுகள். ஆறாவதாக 'அலைபாயுதே' படத்துப் பாட்டு ஒன்று. அது முழுசாக இல்லை. இரண்டாவது சரணத்தின் நடுவில் நாடா தீர்ந்து 'டக்' என்று நின்றுவிடும். கல்லூரிக்குப் போய் ஹாஸ்டலில் கேட்கும் வரை அந்தப் பாட்டு அப்படித்தான் முடிகிறது என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

இன்னொன்றும் இருக்கிறது. வீட்டில் இருந்த டேப் ரெக்கார்டரின் பெல்ட் தளர்ந்துபோய், எல்லாப் பாட்டும் கொஞ்சம் மெதுவாக ஓடும். அதனால் இன்று ஒரிஜினலைக் கேட்கும்போதெல்லாம் யாரோ அவசரப்பட்டுப் பாடுவதுபோல இருக்கும் அவளுக்கு. கேப்பில் கேட்டபோதும் அப்படித்தான் இருந்தது.

நெற்றிக்குப் பின்னால் ஓர் இடம்

பாட்டு ஏன் இப்படிச் செய்கிறது என்பதை ஆராய்ச்சியாளர்கள் சும்மா விடவில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த பீட்டர் ஜனாட்டா 2009-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பங்கேற்றவர்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, அவர்களுடைய எட்டு முதல் பதினெட்டு வயதுக்குள் வெளிவந்து பிரபலமான பாட்டுகளின் துண்டுகளைப் போட்டுக் காட்டினார். ஒரு பாட்டு சொந்த நினைவைக் கிளப்பும்போது, மூளையில் நெற்றிக்கு நேர் பின்னால் நடுவில் உள்ள பகுதி வேலை செய்தது. நம்மைப் பற்றி நாமே யோசிக்கும்போது இயங்கும் பகுதியும் ஏறக்குறைய அதுதான்.

இதைவிடச் சுவாரஸ்யமானது கரோல் க்ரம்ஹான்ஸல், ஜஸ்டின் ஸுப்னிக் இருவரும் 2013-ல் வெளியிட்ட ஆய்வு. இருபது வயதை ஒட்டியவர்களிடம் 1955 முதல் 2009 வரையிலான ஹிட் பாட்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். தங்கள் காலத்துப் பாட்டுகள் நினைவுகளைக் கிளப்பியதில் ஆச்சர்யம் இல்லை. ஆனால், அவர்கள் பிறக்கும் முன்பே வந்த, அவர்களுடைய பெற்றோரின் இளமைக் காலத்துப் பாட்டுகளும் தனியாக எழும்பி நின்றன. 1960-களின் பாட்டுகளிலும் அப்படி ஒரு மேடு தெரிந்தது. வீட்டில் அப்பா அம்மா போட்ட பாட்டு, கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளின் பாட்டாகவும் ஆகிவிடுகிறது.

'மௌன ராகம்' 1986-ல் வந்தது. அவள் பிறந்தது 1990. ஆனாலும், அந்தப் படத்துப் பாட்டு எங்கே கேட்டாலும் அவளுக்குச் சின்ன வெங்காயம் வதங்கும் வாசனை வரும். அம்மா சமைக்கும் நேரத்தில்தான் பி சைடு ஓடும் என்பது காரணம். இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள ஸ்கேன் எதுவும் தேவைப்படவில்லை அவளுக்கு.

சமூக வலைதளங்களில் '90ஸ் கிட்ஸ் நினைவுகள்' என்று வரும் ரீல்ஸ்களில் ஒரு குறை உண்டு. அவற்றில் எல்லாமே இனிப்பாக இருக்கும். கேசட், பென்சில், தூர்தர்ஷன், தேன்மிட்டாய். பாட்டு இனிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வருவதில்லை. அன்று கேப்பில் அவளுக்கு வந்ததும் அந்த வகை நினைவு இல்லை.

2004, கடை ஷட்டர்

2002 வாக்கில் கேசட் வியாபாரம் படுத்துவிட்டது. எம்பி3 சிடி வந்திருந்தது. ஒரு சிடியில் நூறு பாட்டுக்கு மேல் பிடிக்கும்போது பன்னிரண்டுக்கு யார் காத்திருப்பார்கள்? அப்பா வட்டிக்குக் கடன் வாங்கி ஒரு கம்ப்யூட்டரும் சிடி ரைட்டரும் வாங்கிப் போட்டார். 30 ரூபாய்க்கு ஒரு சிடி. கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

அப்பா செய்தது சட்டப்படி தவறு. இதைச் சுற்றி வளைக்க வேண்டியதில்லை. கேசட் காலத்திலிருந்தே அது தவறுதான். இசையமைத்தவருக்கோ, எழுதியவருக்கோ, பாடியவருக்கோ அந்தக் கடையிலிருந்து ஒரு பைசா போனதில்லை. ஊருக்கு ஊர் ரெக்கார்டிங் சென்டர் இருந்தது, எல்லோரும் வாங்கினார்கள், யாருக்கும் அது திருட்டாகத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஆனால், காலம் மாறியிருந்தது. தமிழ்நாட்டில் திருட்டு வீடியோ தொழிலைக் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது 2004-ல்தான். அந்த வருடம் ஊர் ஊராக சிடி கடைகளில் பயம் பரவியிருந்தது.

தீபாவளி முடிந்து சில நாள் இருக்கும். மாலை நான்கரை மணி. ஒன்பதாம் வகுப்பு விட்டு அவள் கடைப் பக்கம் வந்தபோது வாசலில் கூட்டம். மஃப்டியில் மூன்று பேர். கம்ப்யூட்டர், டெக், கேசட் அலமாரி, கணக்கு நோட்டுகள் எல்லாம் ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தன. ஹார்லிக்ஸ் பாட்டில் தரையில் உடைந்து, சின்னச் சின்னப் பிளாஸ்டிக் துண்டுகள் சிதறிக் கிடந்தன. அப்பா சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுக்கொண்டு, தானாகவே ஜீப்பில் ஏறினார். கூட்டத்தில் அந்த பஸ் டிரைவரும் நின்றிருந்தார். எதுவும் சொல்லவில்லை.

ஒரு ராத்திரி முழுக்க ஸ்டேஷனில் இருந்தார் அப்பா. மறுநாள் பள்ளிக்கூடத்தில் யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியவில்லை. மதிய இடைவேளைக்குள் அவள் 'திருட்டு சிடிக்காரர் மக' ஆகியிருந்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ஷேவ் செய்யாத முகம். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

அவள் கேட்டது ஒரே கேள்வி. "அப்பா, நீ திருடனா?"

அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்து அவள் முதுகில் ஓர் அடி வைத்தார். அப்பா எதுவும் சொல்லவில்லை. துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். வந்ததும் ஏணியைப் போட்டு, வீட்டிலிருந்த டேப் ரெக்கார்டரைப் பரணில் ஏற்றினார். 'பாப்பா - 1' கேசட் அதன் உள்ளேயே இருந்தது.

வழக்கு மூன்று வருடம் இழுத்தது. குண்டர் சட்டம் பாயவில்லை. கடைசியில் சாட்சிகள் வராமல் தள்ளுபடியானது. கடை போனது, கம்ப்யூட்டருக்கு வாங்கிய கடன் மட்டும் நின்றது. அப்பா நூல் மில்லில் ஸ்டோர் கீப்பராகச் சேர்ந்து, ஓய்வு பெறும் வரை அங்கேயே வேலை பார்த்தார். வீட்டில் பாட்டு நின்றுபோனது. யாரும் சட்டம் போடவில்லை. டிவியில் பாட்டு வந்தால் அம்மா ரிமோட்டைத் தேடுவார், "சத்தத்தைக் குறை பாப்பா, அப்பா இருக்கார்" என்பார். பக்கத்து வீட்டில் கொடைக்கானல் பண்பலை ஓடினால், அப்பா எழுந்து கொல்லைப்புறம் போய்விடுவார். அந்தக் கேள்வியைப் பற்றி இருபது வருடம் யாரும் பேசவில்லை.

அன்று கேப்பிலிருந்து இறங்கி, லிஃப்ட்டுக்குக் காத்திருக்கும்போது அவள் அழுததற்குக் காரணம் இதுதான்.

அந்த மாதக் கடைசியில் ஊருக்குப் போனாள். சனிக்கிழமை காலை, பரணைச் சுத்தம் செய்கிறேன் என்று ஏணி போட்டாள். டேப் ரெக்கார்டர் இருந்தது. கேசட்டும் இருந்தது. நாடா பூஞ்சை பிடித்து, வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கிடந்தது. பென்சிலால் சுற்றியபோது இரண்டு சுற்றிலேயே அறுந்துவிட்டது.

அவள் எதிர்பார்க்காத ஒன்றும் கிடைத்தது. லாங் சைஸ் நோட்டு ஒன்று. பின்பக்கத்திலிருந்து அம்மாவின் கையெழுத்தில் பால் கணக்கு. முன்பக்கத்திலிருந்து அப்பாவின் கையெழுத்து. போலீஸ் அள்ளிக்கொண்டுபோன நோட்டுகளில் சேராமல், பால் கணக்குக்காக வீட்டுக்கு வந்து தப்பித்த ஒரே நோட்டு. வரிசை எண், பெயர், பாட்டு பன்னிரண்டு, பாக்கி எவ்வளவு என்று எழுதியிருந்தது. ஒரு பக்கத்தில் 'துபாய் - பாட்டு 11, பேச்சு 5 நிமிஷம், பாக்கி 10 ரூ' என்று இருந்தது. அந்தப் பத்து ரூபாய் வந்ததற்கான டிக் எங்கேயும் இல்லை.

அப்பா வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வயது அறுபத்தேழு. நோட்டைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இதையும் அவங்க எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னுல்ல நெனச்சேன்."

பக்கத்துக்குப் பக்கம் புரட்டினார். சில பெயர்களைப் பார்த்துச் சிரித்தார். ஒரு பெயரில் விரல் நின்றது. "இவரு போயிட்டாரு" என்றார். பிறகு இன்னொன்றில். அவள் அருகில் உட்கார்ந்திருந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை.

"அப்பா, அன்னைக்கு நான் கேட்டேன்ல…"

அப்பா நோட்டிலிருந்து நிமிரவில்லை. "நீ கேட்டது சரிதான் பாப்பா. பதில்தான் எனக்கு வரல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஸ்டேஷன்ல கூட அப்படிக் கேக்கல. பேரு, ஊருன்னுதான் கேட்டாங்க" என்றார்.

அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் வாசலில் போன காய்கறி வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் அவர்தான் கேட்டார். "இப்பெல்லாம் போன்லயே பாட்டு கேக்குறீங்களே, அதுக்குக் காசு கட்டணுமா?"

"நான் மாசாமாசம் கட்டுறேன்ப்பா. கட்டாமலும் கேக்கலாம், நடுவுல விளம்பரம் வரும்."

"அது யாருக்குப் போவுது? பாட்டுப் போட்டவருக்குப் போவுதா?"

அவள் போனில் தேடிப் பார்த்துச் சொன்னாள். 2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். அதன்படி பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு. பெரிய பங்கு கம்பெனிக்குப் போகலாம். ஒரு தடவை கேட்டால் கிடைப்பது பைசாக் கணக்குதான். அப்பா கவனமாகக் கேட்டுக்கொண்டார், மில்லில் சரக்குக் கணக்கு கேட்பதுபோல.

"பைசான்னாலும் போவுதுல்ல?"

"போவுதுப்பா."

"அப்பப் போடு."

அவள் 'காதலர் தினம்' பாட்டைத் தேடிப் போட்டாள். ஸ்பீக்கர் எதுவும் இல்லை, போனை எவர்சில்வர் டம்ளருக்குள் வைத்தாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். பல்லவி முடிந்ததும், "வேகமா ஓடுதே" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாட்டு முடிந்ததும் ஆப் தன் இஷ்டத்துக்கு வேறொரு பாட்டை ஆரம்பித்தது.

"இது இல்ல" என்றார் அப்பா உடனே. கண்ணைத் திறக்கவே இல்லை. "இப்ப 'டக்'குன்னு ஒரு சத்தம் வரும். அதுக்கப்புறம் 'துள்ளாத மனமும் துள்ளும்'."

நோட்டில் 'பாப்பா - 1' கிடையாது. கஸ்டமர் கேசட்டுகளை மட்டும்தான் எழுதுவார். ஆனால், அவர் ஒன்றொன்றாகச் சொல்லச் சொல்ல அவள் தேடிச் சேர்த்தாள். ஏ சைடு ஆறும் பிசகாமல் வந்தது. பி சைடில் மூன்றாவதா நான்காவதா என்று ஒரு சந்தேகம் வந்தது. சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்துத் தீர்த்து வைத்தார். இவ்வளவு நேரம் அம்மா கேட்டுக்கொண்டிருந்ததே அப்போதுதான் தெரிந்தது.

பன்னிரண்டாவது பாட்டு ஓடும்போது வெயில் வராந்தாவுக்குள் வந்துவிட்டது. இரண்டாவது சரணத்தின் நடுப்பகுதி நெருங்கியதும் அப்பா ஒரு கண்ணைத் திறந்து போனைப் பார்த்தார். பாட்டு நிற்காமல் அந்த இடத்தைத் தாண்டிப் போனது.

"நாடா அவ்வளவுதான் இருந்துச்சு பாப்பா" என்றார், இப்போதுதான் கேசட்டைக் கையில் கொடுப்பவர்போல. "தொண்ணூறு நிமிஷக் கேசட்டாப் போட்டிருக்கணும்."

உள்ளே வாணலியில் கடுகு வெடித்தது.

"ஏய் பாப்பா, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டு" என்றார் அம்மா. "இங்க ஒண்ணுமே கேக்கல."